நான் பார்க்காத ஷென்சென்

நான் ஒருமுறைகூடப் போகாத ஊரைப் பற்றி நான் எழுதிய நாலு பக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் கம்பெனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே போய்வந்தார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊர் ஷென்சென். தென் சீனத்தில், ஹாங்காங்குக்குச் சற்று வடக்கே கடலோரத்தில் இருக்கிறது. நான் இருந்தது கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில், ஜன்னலைத் திறந்தால் ஃப்ரீவே இரைச்சல் கேட்கும் ஓர் அலுவலகத்தில். தொண்ணூற்றேழிலிருந்து நாலு வருடம் என் உடம்பு இங்கேயும் புத்தி அங்கேயுமாகக் கிடந்தது. இன்றுவரை நான் அந்த ஊருக்குப் போகவில்லை. எப்படிப் போகாமல் போனேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளை விற்றது. விற்றது என்றுதான் சொல்ல வேண்டும். செய்தது ஷென்செனில் இருந்த ஒரு தொழிற்சாலை. எந்த உதிரிப்பாகம் எந்த வாரம் அங்கே போய்ச் சேர வேண்டும், எத்தனை பெட்டி எப்போது கப்பல் ஏற வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. அந்தப் பக்கம் அதே வேலையைச் செய்தவள் ஒரு பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள். தினமும் மாலை ஐந்து மணிக்கு அவளை ஃபோனில் கூப்பிடுவேன். அங்கே அப்போது மறுநாள் காலை. அவள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஆறு மணிக்கு டேகேரை மூடுவதற்குள் என் மகளைப் போய்க் கூட்டி வர வேண்டும். எனவே எங்கள் பேச்சு அரைமணி நேரம், அதிகம் போனால் நாற்பது நிமிடம்.

முதல் நாள் ஃபோனை எடுத்ததும் அவள் ஆங்கிலத்தில் கேட்டது சாப்பிட்டாயா என்று. அவர்கள் ஊரில் வணக்கம் சொல்வதே அப்படித்தானாம். எனக்கு அது தெரியாது. சான் ஹோசேக்கு வந்து இரண்டு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஹவ் ஆர் யூ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நடந்துபோகிறவர்களைத்தான் பார்த்திருந்தேன். சாப்பிட்டேன், சாம்பார் சாதம் என்று பதில் சொன்னேன். சாம்பார் என்றால் என்ன என்று கேட்டாள். கெப்பாசிட்டர் எப்போது வந்து சேரும் என்று விசாரிக்கக் கூப்பிட்டவள் பருப்பு வேகவைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

அடுத்த வருடம் எங்கள் மேனேஜர், அவர் அமெரிக்கர், என்னை அழைத்து ஒரு வேலை சொன்னார். தொழிற்சாலைக்குப் போகிற ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். போகிற ஒவ்வொருவரும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். நீதான் தினமும் அவர்களோடு பேசுகிறாயே, ஊரைப் பற்றி மேலோட்டமாக ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார். போகாத ஊருக்கு வழி சொல்வது என்று நம் பக்கம் கேலியாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே ஆபீஸ் வேலையாக வாய்த்தது.

கேள்விகளை எழுதி அவளுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாளே எண் போட்டுப் பதில் வந்தது. இருபது வருடத்துக்கு முன்பு வயலும் மீனவர் குடியிருப்புமாக இருந்த இடம். அரசாங்கம் அதைத் தனித் தொழில் வட்டாரம் என்று அறிவித்த பிறகு எல்லாம் தொழிற்சாலை. பொம்மை, கைக்கடிகாரம், செருப்பு, ரேடியோ, இப்போது கம்ப்யூட்டர். இங்கே இருப்பவர்களில் இங்கே பிறந்தவர்கள் அபூர்வம். எல்லோரும் வேறு மாகாணத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். ஜூன் கடைசியில் லிச்சிப் பழம் வரும். கோடையில் புயல் வரும், அப்போது கப்பல் கிளம்பாது. சீனப் புத்தாண்டுக்கு ஊரே காலியாகிவிடும், அந்த மாதம் எதையும் எதிர்பார்க்காதே. கடல் பக்கத்தில் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, மிகவும் பக்கம் என்று எழுதியிருந்தாள்.

நான் சாந்தோமில் வளர்ந்தவள். மாதா கோவிலுக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் மணல். கடலோர ஊர் என்றால் சாயங்காலம் ஆனதும் ஜனங்கள் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போவார்கள். சுண்டலோ சோளமோ எதையாவது ஒன்றைக் கொறிப்பார்கள். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் கடற்கரையில் நடந்துவிட்டு வரலாம், தொழிற்சாலையிலிருந்து வெகு அருகில் என்று என் கைச்சரக்கைச் சேர்த்து எழுதிவிட்டேன்.

அதை நம்பிப் போன முதல் ஆள் எங்கள் டெஸ்ட் எஞ்சினியர், திருநெல்வேலிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்று கூப்பிடுவேன். சைவம். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்து, நான் எழுதிய பக்கத்தை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, நீ எழுதுன பீச்ச ஒரு மணி நேரம் தேடுனேன். கடைசில டிரைவர் கூட்டிட்டுப் போயி ஒரு சகதிய காட்டுதான். முழங்கால் சேறு. அதுல நின்னு சிப்பி பொறுக்குதாங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க?”

அடுத்த ஒரு மாதம் ஆபீஸில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் பீச் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. அண்ணா வந்த அன்றே மாலை ஐந்து மணிக்கு அவளைப் பிடித்து, கடல் பக்கம் என்றாயே, சேறு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள், அவள் கடலைப் பார்த்ததில்லை என்று.

அவள் அந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம் இருந்ததாம். அதில் தொழிற்சாலைக்கும் நீல நிறத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதைப் பார்த்துத்தான் மிகவும் பக்கம் என்று எழுதியிருக்கிறாள். தொழிற்சாலைக்குள்ளேயே தங்கும் விடுதி, ஓர் அறையில் எட்டுப் பெண்கள். அதே இடத்தில் சாப்பாடு. இரண்டு வாரத்துக்கு ஒருநாள் லீவு, அன்றைக்குத் துணி துவைக்கவும் தூங்கவும் சரியாக இருக்கும். அவள் ஊர் ஹுனான் மாகாணத்தில், மலைக்கு நடுவே. அவளும் அவள் தங்கையும் அங்கிருந்து வந்தவர்கள். தங்கை கீழே பெட்டிகளைச் சேர்த்துப் பூட்டும் லைனில் சர்க்யூட் போர்டுகளுக்குத் திருகாணி முடுக்கினாள்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. தொழில் வட்டாரத்தைச் சுற்றி அரசாங்கம் நீளமாக ஒரு வேலி போட்டிருக்கிறது. ஷென்சென் என்றதும் படத்தில் பார்க்கிற உயரமான கட்டடங்கள், அகலச் சாலைகள், கடைத்தெரு எல்லாம் வேலிக்கு உள்ளே. எங்கள் தொழிற்சாலை வேலிக்கு வெளியே, மேற்கே. அவளைப் போல வெளி மாகாணத்திலிருந்து வந்தவர்கள் உள்ளே போக ஒரு சீட்டு வேண்டும். சீட்டைச் சொந்த ஊர்ப் போலீஸில் எழுதி வாங்க வேண்டும். சில நாட்களுக்குத்தான் செல்லும். எங்கள் கம்பெனி ஆட்களுக்கு அந்தச் சீட்டெல்லாம் தேவையில்லை. அமெரிக்க பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். அந்த நாட்டிலேயே பிறந்தவள் வேலிக்கு வெளியே. ஆக, ஊரைப் பார்க்காத நான் எழுதிய குறிப்பு, ஊரைப் பார்க்காத அவள் சொன்ன தகவல்.

கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்ற நினைத்தாளோ என்னவோ, உங்கள் ஊரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். மலையைத் தாண்டினால் பசிபிக், காரில் முக்கால் மணி நேரம் என்றேன். அடிக்கடி போவாயா என்றாள். வந்த புதிதில் ஒருமுறை போனோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த லீவு நாளில் அவள் துணியை ஊறப்போட்டுவிட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் நீளமாக ஒரு ஈமெயில். தண்ணீர் பழுப்பாக இருந்தது. தூரத்தில் ஒரு கப்பல், அதில் அடுக்கியிருந்த பெட்டிகள் நம்முடையவையாக இருக்கலாம். கடல் உப்பாக இருக்குமென்று புத்தகத்தில் படித்திருந்ததால் தங்கை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புதான். இனி நீ எழுதலாம், நான் பார்த்துவிட்டேன் என்று முடித்திருந்தாள். நான் அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

அதிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. லீவு நாளில் எங்கேயாவது போவாள், எனக்கு எழுதுவாள். வேலிக்கு வெளியே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவும் போனாள். பழைய விவசாயிகள் வயலை விற்ற பணத்தில் ஆறு மாடி வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்கு உப்புக் கேட்டு வாங்கலாம் என்று எழுதினாள். சிப்பி ஓடுகளை வைத்துக் கட்டிய பழைய சுவர் ஒன்று இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்திருக்கிறது என்றாள். மாலை ஷிஃப்ட் விடும்போது ஒரே நிறச் சட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவை நிறைத்துக்கொண்டு போவதையும், எல்லோர் கையிலும் ஒரு தகரச் சாப்பாட்டுக் கிண்ணம் இருப்பதையும் எழுதினாள். என் ஒரு பக்கம் நாலு பக்கமாக வளர்ந்தது இப்படித்தான். மேனேஜர் படித்துவிட்டு, சிப்பிச் சுவர் எதற்கு, ஹோட்டல் ஃபோன் நம்பர் போதும் என்றார். நான் ஹோட்டல் நம்பரையும் போட்டேன், சிப்பிச் சுவரையும் விடவில்லை.

ஊருக்குப் போகிறவர்களிடம் சாமான் கொடுத்து விடுவது நம்மவர்களின் பிறவிக் குணம். மெட்ராஸுக்கு யாராவது டிக்கெட் வாங்கிவிட்டார் என்று தெரிந்தால் போதும், சான் ஹோசேயைச் சுற்றியுள்ள பே ஏரியா முழுக்க அவர் வீட்டுக் கதவைத் தட்டும். நான் அதையே ஷென்செனுக்குச் செய்தேன். யார் போனாலும் ஒரு பொட்டலம். முறுக்கு, தேன்குழல், கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கேக். எங்கள் அமெரிக்கர்களுக்கு இந்த வழக்கம் புரியவில்லை. கஸ்டம்ஸில் என்ன என்று சொல்வது என்று பயந்தார்கள். திருநெல்வேலி அண்ணா மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். அங்கிருந்து காய்ந்த ஆரஞ்சுத் தோல், டீத்தூள், காய்ந்த பழம் எல்லாம் வரும். ஒருமுறை என் மகளின் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னாள். ஃபேக்ஸில் போன அந்தச் சின்னக் கையின் அளவை வைத்து ஒரு சிவப்பு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினாள். கை நீளம் சரியாக இருந்தது. உடம்பு இரண்டு சுற்றுப் பெரிது. மகள் அதைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று ஒரு வாரம் அடம் பிடித்தாள். இஸ் சைனா ஆன்ட்டி கமிங், என்று கேட்டாள். நாமதான் போகணும் என்றேன்.

நாமதான் போகணும். சொல்லிவிட்டேனே தவிர எப்படிப் போவது?

மேனேஜர் வருடத்துக்கு இரண்டு முறை கேட்டார், நீ போய்வருகிறாயா என்று. நாங்கள் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் கடைசிக் கட்டத்தில் காத்திருந்தோம். நடுவில் நாட்டை விட்டு வெளியே போவதானால் முன்கூட்டி ஓர் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும், திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி மனது வைக்க வேண்டும். ஏதாவது இசகுபிசகானால் விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டதாக ஆகிவிடும். போகாமல் இருப்பதே நல்லது என்றார் வக்கீல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

என் கணவர் வக்கீல் கட்சி. “அஞ்சு வருஷமா வெயிட் பண்றோம். ஒரு ஃபாக்டரிய பாக்கறதுக்காக அத்தனையும் ரிஸ்க் பண்ணுவியா? வேற யாராவது கேட்டா சிரிப்பாங்க.”

ஃபாக்டரியைப் பார்க்க இல்லை என்று சொன்னேன். பின்னே எதற்கு என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். உலகத்தில் ஒருத்தி தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு என் குரலுக்காகக் காத்திருந்தாள். நான் இரண்டு நிமிடம் தாமதித்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவள் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஏங்கினேன். அவள் நடக்கிற தெருவில் அவளோடு நடக்க வேண்டும். அவ்வளவுதான். இதை வக்கீலின் எந்தப் படிவத்தில் எழுதுவது?

அந்தக் காலத்தில் டிக்கெட் இல்லாதவர்களும் விமானத்தின் வாசல்வரை போய் வழியனுப்பலாம். யார் ஷென்சென் போனாலும் சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு போவேன். ஹாங்காங் விமானம் கிளம்பும் இடத்தில் அண்ணாவின் பக்கத்தில் நானும் போர்டிங் பாஸ் வைத்திருப்பவள் போல உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் சீன மொழி கேட்கும். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் ஒன்று காதில் விழுந்தால் மனதுக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவு மூடிய பிறகும் கண்ணாடி வழியே விமானம் நகரும்வரை நிற்பேன். பார்க்கிங்கில் காரை எடுக்கும்போது அழுகை வரும். யாராவது பார்த்தால் யாரையோ பிரிந்து அழுகிறாள் என்றே நினைப்பார்கள். அது ஒன்றும் பொய்யில்லை.

இரண்டாயிரமாவது வருடக் கடைசியில் கிரீன் கார்டு வந்துவிட்டது. மெட்ராஸில் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்பே அவளுக்குச் சொன்னேன். ஃபோனிலேயே கத்தினாள், பின்னால் யாரோ என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. அவள் உடனே ஒரு காரியம் செய்தாள். புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தான் வேலிக்கு உள்ளே போவதற்கான சீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நீ வரும்போது வேலிக்கு உள்ளே இருக்கும் ஊரை நீ மட்டும் பார்த்தால் எப்படி, நான்தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். நாங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்பதற்கு இடங்களின் பட்டியல் போட்டோம். அவளுக்கு மாடி பஸ் ஏற வேண்டும். எனக்கு அவளுடைய விடுதி அறையைப் பார்க்க வேண்டும். அப்பா சீட்டைத் தபாலில் அனுப்பிவிட்டார், மார்ச்சில் இரண்டு வாரம் செல்லும், எந்தத் தேதியில் வருகிறாய் என்று அவள் ஈமெயில் எழுதியது மார்ச் மாதம் பிறக்கிற சமயத்தில்.

அந்த ஈமெயில் வந்து இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். சான் ஹோசேயில் அந்த வருடம் கதவு சாத்தினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். என் வேலைக்கு ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெட்டி வாங்குகிறவர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இந்த மாதத்தோடு ஷென்செனில் நம் லைன் மூடப்படுகிறது. அதற்கு முன்னால் ஒருவர் அங்கே போய், வழக்கமான சரக்குக் கணக்கு எடுக்க வந்ததாகச் சொல்லி, கிடங்கில் இருக்கிற எங்கள் பாகங்களையெல்லாம் எண்ணிச் சீல் வைக்க வேண்டும். எண்ணி முடிக்கும்வரை அங்கே ஒருவருக்கும் விஷயம் தெரியக் கூடாது; தெரிந்தால் பாகங்கள் மாயமாகிவிடும் என்று மேலே பயப்படுகிறார்கள். நீதான் நாலு வருடமாகப் போக வேண்டும் போக வேண்டும் என்று இருந்தாயே, நீயே போ என்றார். எனக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார். யோசித்துச் சொல்ல இரண்டு நாள் கொடுத்தார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு நான் அவளைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் இந்த முறை போகச் சொன்னார். “நீ போனாலும் மூடுவாங்க, போகலைன்னாலும் மூடுவாங்க. ஊரையாவது பாத்துட்டு வா. அவள ஒரு தடவ நேர்ல பாத்துருவ இல்ல?” கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கைக்கு எட்டியிருந்தது, வாயைத் திறந்து சரி என்று சொன்னால் போதும். இரண்டு இரவும் இரண்டு பகலும் அதையே மென்றேன். தொழிற்சாலை கேட்டில் அவள் நிற்பாள். என் கையைப் பிடித்துக்கொள்வாள். பகலெல்லாம் நான் அவளுடைய கிடங்கில், அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவளுடைய வேலை போவதற்கான பட்டியலை எழுதுவேன். சாயங்காலம் அவள் வாங்கி வைத்த சீட்டைக் காட்டி என்னை மாடி பஸ்ஸில் ஏற்றுவாள். நான் சிரித்துக்கொண்டு வர வேண்டும். என்னால் முடியாது.

சொல்லிவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். போகாமல், இங்கிருந்தபடியே, ஒரு வார்த்தை. ஒரு மாதம் முன்னால் தெரிந்தால் அவளும் தங்கையும் வேறு தொழிற்சாலை தேடியிருப்பார்கள். வேலை போனால் விடுதி அறையும் போய்விடும், நகரத்தில் இருக்கும் அனுமதியும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஃபோனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். சொன்னது நான்தான் என்று வெளியே வந்தால் என் வேலை போகும். கிரீன் கார்டு கையில் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. வாங்கின வீட்டுக்கு இருவர் சம்பளமும் வேண்டும். பயந்தேன். இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் இல்லை.

போகவும் இல்லை, சொல்லவும் இல்லை. மேனேஜரிடம் வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்றேன். அவளுக்கு, மகளுக்குக் கடுமையான காய்ச்சல், இந்த மாதம் வர முடியாது என்று எழுதினேன். மகள் அப்போது என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கிரேயான் கிறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார், ஊர் எங்கேயும் போய்விடாது என்று பதில் வந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்க இஞ்சியில் ஒரு கஷாயம் எப்படிப் போடுவது என்றும் எழுதியிருந்தாள். காய்ச்சலைச் சாக்கு வைத்து அந்த வாரங்களில் ஐந்து மணி ஃபோனையும் விட்டு, ஈமெயிலோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த மாதம் மூன்றாவது வாரம் எனக்குப் பதில் திருநெல்வேலி அண்ணா போனார். இந்த முறை அவரிடம் நான் பொட்டலம் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்தவர் என் மேஜைப் பக்கம் வரவில்லை. நான்தான் காஃபி மெஷின் பக்கம் அவரைப் பிடித்தேன்.

“எண்ணி முடிச்ச அன்னைக்குச் சாயங்காலம்தான் சொன்னாங்க. அந்தப் பிள்ள எந்திரிச்சு போயி தங்கச்சிய கூட்டிட்டு வந்து நின்னுச்சு. அழல. நீ வராதது நல்லதுன்னு எனக்குப் பட்டுச்சும்மா. ஆனா அது உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.” சொல்லிவிட்டுக் காஃபியை எடுக்காமலே போய்விட்டார்.

அன்று ஐந்து மணிக்கு என் மேஜை ஃபோன் அடித்தது. நாலு வருடத்தில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து வெளிநாட்டுக்குப் பேச அவர்களுக்கு அனுமதி கிடையாது. சூப்பர்வைசர் இன்றைக்கு மட்டும் விட்டாராம். முதலில் மகளுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், அதன் பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை, தங்கை ஊருக்கே போய்விடலாம் என்கிறாள் என்று சொன்னாள். வேலிக்கு உள்ளே போகும் சீட்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. தேதி முடிந்துபோயிருந்தது.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இங்கே எல்லோரும் உனக்கு முன்பே தெரியும் என்கிறார்கள். தெரிந்ததால்தான் நீ வரவில்லையாம். உனக்குத் தெரியுமா?”

ஃப்ரீவேயில் ஆபீஸ் விட்டுப் போகிற கார்களின் வரிசை ஜன்னலில் தெரிந்தது. “தெரியாது” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றாள் உடனே. “உனக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாய் என்று நான் அவர்களோடு சண்டை போட்டேன். என் தங்கையோடுகூட.”

நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.